மூளைக் கட்டியும் மைக்ரோ ஆர்என்ஏவும்: திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகள்

பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற நரம்பு, மனநல மருத்துவமனையும் கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கமிருந்து மூளைக் கட்டியோடு வரும் தமிழ்க் குடும்பங்களை இங்கே எப்போதும் பார்க்கலாம். நான் டாக்டர் இல்லை. மாலிக்யூலர் பயாலஜி படித்து, ஆய்வுக்கூடத்தில் ஆர்என்ஏ பிரித்தெடுக்கும் வேலை பார்த்தவள், வீடு அல்சூர். கன்னடமும் ஆங்கிலமும் புரியாமல் தவிக்கிறவர்களுக்கு ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்லப் போய், கடைசியில் மைக்ரோ ஆர்என்ஏ பற்றிய சந்தேகங்களுக்கு பதில் சொல்வதே பாதி வேலையாகிவிட்டது. யாரோ வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை அனுப்பியிருப்பார்கள், அதில் நம்பிக்கை பிறந்திருக்கும். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். சிகிச்சை முடிவுகளை உங்கள் டாக்டரிடம் பேசித்தான் எடுக்க வேண்டும்.

மைக்ரோ ஆர்என்ஏன்னா என்னங்க? கிருமியா, மருந்தா?

இரண்டும் இல்லை. நம் செல்கள் தாங்களே செய்துகொள்ளும் மிகச் சிறிய ஆர்என்ஏ துண்டு அது. ஆர்என்ஏ என்பது மரபுச் செய்தியை எழுத்துகள் போலக் கோத்து வைத்திருக்கும் சங்கிலி மூலக்கூறு. நீளம் ஏறக்குறைய 22 எழுத்து. ஒரு புரதத்துக்கான செய்தி ஆயிரக்கணக்கான எழுத்து நீளத்தில் இருக்கும்போது, இது அதன் பக்கத்தில் ஒரு தூசி மாதிரி.

தர்ஷினி என்ற பெங்களூர் நின்றுகொண்டே சாப்பிடும் ஹோட்டலில் சாப்பிட்டவர்களுக்கு இதன் வேலை சட்டென்று புரியும். கல்லாவில் காசு கொடுத்தால் டோக்கன். டோக்கனை உள்ளே நீட்டினால்தான் தோசை. ஜீன் கல்லா, ஜீனின் செய்தியை நகலெடுத்துப் போகும் எம்ஆர்என்ஏ டோக்கன், புரதம் தோசை. டோக்கன் அடுப்படிக்குப் போய்ச் சேருவதற்குள் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிற ஆள்தான் மைக்ரோ ஆர்என்ஏ. கல்லாவில் வியாபாரம் நடந்தபடியே இருக்கும், தோசை மட்டும் குறையும்.

விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் 1993-ல் இதை ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் கண்டுபிடித்தார்கள். புழுவுக்கு மட்டும் உள்ள விசித்திரம் என்று உலகம் அதை ஏழு வருடம் கண்டுகொள்ளவில்லை. 2000-ல் 'லெட்-7' என்ற இன்னொன்று மனிதர்களிடமும் இருப்பது தெரிந்த பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இருவருக்கும் 2024-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. வாட்ஸ்அப் செய்திகள் பெருகியதும் அதற்குப் பிறகுதான்.

கொரோனா ஊசியில எம்ஆர்என்ஏன்னு சொன்னாங்களே, அதுவா இது?

இல்லை. ஃபைசர், மாடர்னா ஊசிகளில் இருந்தது டோக்கன். இது டோக்கனைக் கிழிக்கிற ஆள். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் போட்டுக்கொண்ட கோவிஷீல்டும் கோவேக்சினும் எம்ஆர்என்ஏ ஊசிகளே இல்லை.

இத்துனூண்டு சமாச்சாரம் மூளைக் கட்டியை எப்படி அடக்கும்?

முதலில் அது எப்படித் தயாராகிறது என்று பார்ப்போம். செல்லின் உட்கருவுக்குள் கொண்டை ஊசி போல மடிந்த ஒரு நீள ஆர்என்ஏ உருவாகிறது. 'ட்ரோஷா' என்ற நொதி அதை ஒருமுறை நறுக்குகிறது. உட்கருவை விட்டு வெளியே வந்ததும் 'டைசர்' என்ற நொதி மறுபடி நறுக்குகிறது. மிஞ்சும் 22 எழுத்துத் துண்டு 'ஆர்கோநாட்' என்ற புரதத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்தத் துண்டின் 2-ஆவது எழுத்து முதல் 8-ஆவது எழுத்து வரை எந்த எம்ஆர்என்ஏவின் வால் பகுதியோடு பொருந்துகிறதோ, அந்த எம்ஆர்என்ஏ சிதைக்கப்படும், அல்லது அதிலிருந்து புரதம் உண்டாவது தடைபடும். ஏழே எழுத்துப் பொருத்தம் என்பதால் ஒரே மைக்ரோ ஆர்என்ஏ நூற்றுக்கணக்கான எம்ஆர்என்ஏக்களைத் தொட முடியும். இதன் பலமும் ஆபத்தும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இனி கட்டிக்கு வருவோம். பெரியவர்களுக்கு வரும் மூளைப் புற்றுக் கட்டிகளில் மோசமானது க்ளையோபிளாஸ்டோமா. ரிப்போர்ட்டில் 'கிரேடு 4' என்று இருக்கும். இதில் 'பெருகு, பெருகு' என்று செல்லுக்குச் சொல்லும் ஈஜிஎஃப்ஆர் என்ற புரதம் பலருக்கும் அளவுக்கு மீறி இருக்கும். மிர்-7 என்ற மைக்ரோ ஆர்என்ஏ ஈஜிஎஃப்ஆரைக் குறைக்கிறது, அதற்கு அடுத்த கட்டத்தில் அந்தச் செய்தியைக் கடத்தும் ஏகேடி பாதையையும் தளர்த்துகிறது. கட்டியில் மிர்-7 குறைந்திருப்பதை 2008-லேயே காட்டியிருக்கிறார்கள். மிர்-34ஏ இன்னொன்று. செல்லில் கோளாறு வந்தால் பி53 என்ற காவல் புரதம் இதைத் தூண்டிவிடும். இது போய் சி-மெட், நாட்ச் போன்ற வளர்ச்சிப் புரதங்களைக் குறைக்கும். பி53 கெட்டுப்போன கட்டிகளில் இந்தத் தூண்டுதல் தளர்ந்துவிடுகிறது.

எனக்கு இவற்றில் பெரிய ஆச்சரியம் மிர்-124, மிர்-128, மிர்-137 மூன்றும்தான். ஆரோக்கியமான மூளையில் நிறைய இருந்து, ஒரு செல் நரம்புச் செல்லாக முதிர்வதற்குத் துணை நிற்பவை இவை. க்ளையோபிளாஸ்டோமாவில் இவை சரிந்துவிடுகின்றன, செல்கள் முதிராமல் குட்டி போட்டுக்கொண்டே இருக்கின்றன. மிர்-124, மிர்-137 இரண்டையும் ஆய்வுக்கூடத்தில் கட்டியின் ஸ்டெம் செல்களுக்குள், அதாவது கட்டியைத் திரும்பத் திரும்ப உண்டாக்கும் மூலச் செல்களுக்குள், திரும்பச் செலுத்தியபோது, பெருக்கம் நின்று, நரம்புச் செல்லின் சாயல் வர ஆரம்பித்தது. மிர்-128-ஐச் செலுத்தினால், புற்றுச் செல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள நம்பியிருக்கும் பிஎம்ஐ-1 என்ற புரதம் குறைகிறது. 'அடக்குவது' என்று செய்திகள் சொல்வது இதைத்தான். கீமோ மாதிரி விஷம் வைத்துக் கொல்வது இல்லை இது; செல்லைத் திரும்ப ஒழுங்குக்குக் கொண்டுவரும் முயற்சி.

அப்படின்னா எல்லா மைக்ரோ ஆர்என்ஏவும் நல்லதுதானே? நிறைய இருந்தா நல்லதா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. மிர்-21 என்று ஒன்று இருக்கிறது. க்ளையோபிளாஸ்டோமாவில் இது ஏகத்துக்கு எகிறியிருப்பதையும், அதை அடக்கினால் புற்றுச் செல்கள் சாகத் தொடங்குவதையும் 2005-ல் காட்டினார்கள். பீடென், பிடிசிடி4 போன்ற கட்டுப்படுத்தும் புரதங்களின் டோக்கன்களை இது கிழிக்கிறது. நல்லவர்களின் வேலையைக் கெடுப்பதால் இது கெட்டது, அவ்வளவுதான். மிர்-10பி இன்னும் விசித்திரமானது. ஆரோக்கியமான மூளையில் கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது, க்ளையோமாவில் (க்ளையோபிளாஸ்டோமாவும் சேர்ந்த கட்டிக் குடும்பம்) மட்டும் தலைகாட்டும்.

அதனால் ஆராய்ச்சியும் இரண்டு வழியில் போகிறது. குறைந்துபோனதைச் செயற்கையாகச் செய்து உள்ளே அனுப்புவது ஒன்று. எகிறியதை, அதோடு ஒட்டிக்கொள்ளும் எதிர்த்துண்டு அனுப்பிச் செயலிழக்கச் செய்வது மற்றொன்று. 'மிர்' என்பதற்குப் பிறகு வரும் எண் பெரும்பாலும் பெயர் வைத்த வரிசையைத்தான் காட்டும். பெரிய எண் என்றால் வீரியம் அதிகம் என்று அர்த்தமில்லை. இதையும் கேட்டிருக்கிறார்கள்.

எங்கப்பாவுக்கு இது கம்மியானதாலதான் கட்டி வந்துச்சா? பிள்ளைங்களுக்கும் வருமா?

பெரியவர்களுக்கு வரும் க்ளையோபிளாஸ்டோமாவில் பெரும்பான்மை குடும்ப வழியில் வருவதில்லை. ஒரு செல்லில் வாழ்நாளின் நடுவே ஏற்பட்ட மரபணு மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து வருபவை. மைக்ரோ ஆர்என்ஏ குறைவது பல சமயம் அந்த மாற்றங்களின் விளைவு. குறைந்த பிறகு அதுவே கட்டி வளரவும் தோதாகிவிடுகிறது. காரணமா விளைவா என்று ஒரு கோடு போட்டுப் பிரிக்க முடியாது. உங்கப்பா சாப்பிட்டதாலோ கவலைப்பட்டதாலோ இது குறையவில்லை.

அரிதான ஒரு விலக்கு மட்டும் உண்டு. மேலே சொன்ன டைசர் நொதியின் ஜீனிலேயே பிறவிப் பிழை இருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தக் குழந்தைகளுக்கு நுரையீரலில் ஒருவகைக் கட்டியும், சில சமயம் மூளையில் பைனியோபிளாஸ்டோமா என்ற கட்டியும் வரலாம். இப்படி சந்தேகம் வந்தால் டாக்டரே மரபணு ஆலோசனைக்கு அனுப்புவார்.

ரிப்போர்ட்டுல ஐடிஎச், எம்ஜிஎம்டின்னு இருக்கு. மைக்ரோ ஆர்என்ஏ பத்தி ஒண்ணுமே இல்லையே, டெஸ்ட் பண்ணாம விட்டுட்டாங்களா?

விடவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டின்படி க்ளையோபிளாஸ்டோமா என்று பெயர் வைக்க ஐடிஎச் என்ற ஜீன் மாறாமல் இருக்க வேண்டும். எம்ஜிஎம்டி, டெமோசோலமைட் என்ற கீமோ மாத்திரை எவ்வளவு கேட்கும் என்பதைக் கணிக்க உதவுகிறது. சிகிச்சையை மாற்றக்கூடியவை என்பதால் இவற்றைப் பார்க்கிறார்கள். மைக்ரோ ஆர்என்ஏ அளவைப் பார்த்து இன்ன மருந்து கொடு என்று சொல்லும் விதி மூளைக் கட்டிக்கு இன்னும் வரவில்லை. அதற்குத் தனியாகப் பணம் கட்டி டெஸ்ட் எடுக்க யாராவது சொன்னால், 'ரிசல்ட் வந்தா சிகிச்சையில என்ன மாறும்?' என்று மட்டும் கேளுங்கள்.

ரத்தத்துலயே கண்டுபிடிச்சிடலாமாமே, அப்புறம் ஏன் மண்டைய திறந்து பயாப்ஸி எடுக்கறாங்க?

கட்டி மைக்ரோ ஆர்என்ஏவை எக்சோசோம் என்ற நுண்ணிய பைகளில் போட்டு வெளியே விடுகிறது. ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் அதைத் தேடிப் பிடிக்க முடியும் என்பது நிஜம். முதுகில் ஊசி போட்டு எடுக்கும் தண்டுவட நீரில் துப்பு இன்னும் தெளிவாகக் கிடைக்கிறது. ஆனால் மிர்-21 வேறு பல புற்றுநோய்களிலும், வீக்கம், அழற்சி இருந்தாலும்கூட ஏறும். ரத்தத்தில் அது கூடியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து மூளையில் கட்டி என்று சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

நான் பார்த்த வேலையின் அனுபவத்தில் ஒன்று சேர்க்கிறேன். ரத்தம் எடுத்த ட்யூபைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகக் குலுக்கினாலே சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றுக்குள் நிறைந்திருக்கும் மிர்-451, மிர்-16 வெளியே கொட்டி, மொத்தக் கணக்கும் புரண்டுவிடும். ஒரு ஆய்வுக்கூடத்தின் எண் இன்னொன்றோடு ஒத்துப்போகாததற்கு இது மாதிரி அற்பக் காரணங்கள் நிறைய. பயாப்ஸியின் இடத்தை இது இன்னும் பிடிக்கவில்லை.

எங்க குழந்தைக்கு மெடுல்லோபிளாஸ்டோமா. அதுக்கும் இது உண்டா?

உண்டு, அதில் நல்ல வேலை நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. பெரும்பாலும் குழந்தைகளுக்குச் சிறுமூளையில் வரும் கட்டியான மெடுல்லோபிளாஸ்டோமாவில் நான்கு முக்கிய உட்பிரிவுகள். அவற்றில் 'டபிள்யூஎன்டி' வகைக்கு சிகிச்சை நன்றாகக் கேட்கும். நவி மும்பை கார்கரில் டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையைச் சேர்ந்த ஆக்ட்ரெக் ஆய்வு மையத்தினர், இந்த வகையில் மிர்-193ஏ, மிர்-148ஏ போன்றவை தனியாக எகிறியிருப்பதைக் கண்டார்கள். சில ஜீன்களோடு சில மைக்ரோ ஆர்என்ஏக்களையும் அளந்து உட்பிரிவைக் கண்டறியும் முறை ஒன்றையும் உருவாக்கினார்கள்.

அது ஏன் முக்கியம் என்றால், ஆபரேஷனில் எடுத்த சதையை ஃபார்மலினில் போட்டு மெழுகு பிளாக்காக வைப்பார்கள். அதில் நீளமான ஆர்என்ஏ நொறுங்கிப்போகும், மைக்ரோ ஆர்என்ஏ குட்டையாக இருப்பதால் வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பழைய பிளாக்கிலிருந்தும் அதை எடுத்து அளக்கலாம். பிளாக்கைப் பத்திரமாக வைக்கச் சொல்லி நான் எல்லோரிடமும் நச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெங்களூருல யாராவது இதுல வேலை பார்க்கறாங்களா, இல்ல எல்லாம் அமெரிக்காதானா?

பார்க்கிறார்கள். இந்திய அறிவியல் கழகத்தில் குமரவேல் சோமசுந்தரம் குழுவும், நிம்ஹான்ஸ் நரம்பு நோய்க்குறியியல் துறையில் வாணி சந்தோஷ் குழுவும் சேர்ந்து பல வருடமாக க்ளையோமாவை ஆராய்ந்திருக்கிறார்கள். 2010-ல் வெளியான அவர்களுடைய ஆய்வு, க்ளையோமாவில் இன்னொரு வகையான கிரேடு 3 ஆஸ்ட்ரோசைட்டோமாவிலிருந்து க்ளையோபிளாஸ்டோமாவைப் பிரித்துக் காட்டும் 23 மைக்ரோ ஆர்என்ஏக்களின் பட்டியலைத் தந்தது. மிர்-219-5பி என்பது ஈஜிஎஃப்ஆரைக் குறைக்கிறது என்றும் பிறகு காட்டினார்கள். நிம்ஹான்ஸில் ஆபரேஷன் ஆனவர்கள் ஒப்புதல் கொடுத்து விட்டுப்போன சதைத் துண்டுகள்தான் இதற்கெல்லாம் ஆதாரம்.

ஆராய்ச்சிக்கு சதை எடுக்க கையெழுத்து கேக்கறாங்க. போடலாமா? கூடுதலா வெட்டிருவாங்களோன்னு பயமா இருக்கு.

பொதுவாகக் கேட்பது, எப்படியும் வெளியே எடுக்கிற கட்டியில் நோய் கண்டறியத் தேவையானது போக மிஞ்சுவதை. படிவத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்தாலும் சிகிச்சை குறையக் கூடாது, ஆராய்ச்சிக்கென்று செய்யும் சோதனைக்கு உங்களிடம் பணமும் வாங்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறை இதைத் தெளிவாகச் சொல்கிறது. என்னைக் கேட்டால் போடலாம் என்பேன்.

எலிக்கு கட்டி சுருங்கிடுச்சாமே, மனுஷனுக்கு ஏன் குடுக்கல?

எலியின் மூளையில் நேரடியாக ஊசி போடலாம், தவறினால் வேறு எலி இருக்கிறது. மனிதனில் மூன்று தடை. வெறும் ஆர்என்ஏவை ரத்தத்தில் விட்டால் அங்குள்ள நொதிகள் சில நிமிடங்களில் அதைத் தின்றுவிடும். கொழுப்புப் பூச்சோ வேதி மாற்றமோ செய்து தப்பித்தாலும், பெரும்பங்கு கல்லீரலுக்குப் போய்விடும். அதையும் தாண்டி மூளைக்கு வந்தால் ரத்த மூளைத் தடுப்பு நிற்கிறது: மூளையின் நுண்குழாய்ச் சுவரில் செல்கள் இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருப்பதால் இந்த அளவு மூலக்கூறு உள்ளே போகாது. கட்டியின் நடுவில் அந்தச் சுவர் ஓட்டையாக இருக்கலாம். ஆனால் கட்டியின் ஓரத்திலிருந்து ஆரோக்கியமான மூளைக்குள் ஊர்ந்து போன செல்கள்தான் திரும்ப வளர்பவை; அங்கே சுவர் கெட்டியாகவே இருக்கும்.

இதைவிடப் பெரிய பாடம் மிர்-34ஏவிடமிருந்து வந்தது. அதைச் செயற்கையாகச் செய்த எம்ஆர்எக்ஸ்34 என்ற மருந்தை 2013-ல் கல்லீரல் புற்று உள்ளிட்ட வேறு உறுப்புப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். சிலருக்குக் கட்டி சுருங்கியது. ஆனால் நோய் எதிர்ப்பு மண்டலம் கடுமையாகக் கிளம்பி, மருந்தின் விளைவாகவே 4 பேர் இறந்தார்கள். 2016-ல் சோதனை நிறுத்தப்பட்டது. 'உடம்புல இருக்கற இயற்கைப் பொருள்தானே, என்ன பண்ணிடும்?' என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மைக்ரோ ஆர்என்ஏவை மருந்தாக, எந்த நோய்க்கும், இன்றுவரை யாரும் அனுமதித்து விற்பனைக்கு விடவில்லை. 2018-ல் அனுமதி பெற்ற பட்டிசிரான் என்ற மருந்து இதன் உறவுக்கார எஸ்ஐஆர்என்ஏ (siRNA) வகை. அது ஒரே ஒரு ஜீனை மட்டும் குறிவைக்கிறது, வேலை செய்வது கல்லீரலில்.

மஞ்சளும் கிரீன் டீயும் நல்ல மைக்ரோ ஆர்என்ஏவை ஏத்தும்னு சொல்றாங்க?

தட்டில் வளர்த்த செல்கள்மேல் மஞ்சளில் உள்ள குர்குமினை ஊற்றினால் சில மைக்ரோ ஆர்என்ஏக்கள் மாறும், உண்மை. ஆனால் நாம் சாப்பிடும் மஞ்சளில் இருந்து ரத்தத்துக்குப் போவது அதில் துளி அளவுகூட இல்லை. குழம்பில் போடுங்கள், தாராளமாக. கேப்சூலாக வாங்குவதென்றால் கீமோ கொடுக்கும் டாக்டரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள். அரிசியில் உள்ள ஒரு மைக்ரோ ஆர்என்ஏ சாப்பிட்டவர் ரத்தத்தில் போய் வேலை செய்கிறது என்று 2012-ல் ஒரு சீன ஆய்வு சொன்னது. மற்றவர்கள் செய்து பார்த்தபோது அது நிற்கவில்லை. நின்றிருந்தால் மூன்று வேளையும் சோறு சாப்பிடும் நம்மை ஆராய்ச்சிக்காரர்கள் இந்நேரம் சும்மா விட்டிருப்பார்களா!

ஒரு கிளினிக்குல எக்சோசோம் ஊசி போட்டா மைக்ரோ ஆர்என்ஏ நேரா மூளைக்குப் போயிடும்னு லட்சக்கணக்குல கேக்கறாங்க. போடலாமா?

வேண்டாம். எக்சோசோமில் மிர்-146பி-ஐ ஏற்றி எலியின் மூளைக் கட்டியில் நேரடியாகச் செலுத்தியபோது கட்டி சிறுத்தது உண்மைதான். அந்த ஆய்வைத்தான் இவர்கள் காட்டுவார்கள். அவர்கள் விற்கும் சீசாவில் என்ன இருக்கிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. புற்றுநோய்க்கு எக்சோசோம் ஊசியை அனுமதித்த நாடு கிடையாது. அது உண்மையான மருத்துவச் சோதனை என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடான சிடிஆர்ஐயில் அதற்கு ஒரு எண் இருக்க வேண்டும். 2009 முதல் அந்தப் பதிவு கட்டாயம், யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். எண்ணும் இல்லை, பணமும் கேட்கிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நிலத்தை விற்று வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இங்கே மட்டும் இவ்வளவு அழுத்தமாக எழுதுகிறேன்.

கரண்ட் வச்சும் மாத்திரை குடுத்தும் கட்டி திரும்ப வருதே, அதையாவது இது மாத்துமா?

கரண்ட் என்று நம் ஆட்கள் சொல்லும் கதிர்வீச்சு, வழக்கமாக ஆறு வாரத்தில் 30 முறை. கூடவே தினமும் டெமோசோலமைட். மாத்திரை உண்டாக்கும் டிஎன்ஏ சேதத்தை எம்ஜிஎம்டி புரதம் சரிசெய்துவிட்டால் செல் பிழைத்துக்கொள்ளும். மிர்-181டி அந்த எம்ஜிஎம்டியின் டோக்கனைக் கிழிக்கிறது. மிர்-21-ஐ அடக்கினால் ஆய்வுக்கூடத்துச் செல்கள் கீமோவுக்கு எளிதாகப் பணிகின்றன. தனியே கட்டியை ஒழிக்காவிட்டாலும், இருக்கும் சிகிச்சைக்குத் துணையாக முதலில் வரக்கூடும் என்பது என் கணிப்பு. இடையில் நிற்பதோ எலிக் கேள்வியில் சொன்ன அதே மூன்று தடைகள்.

அக்கா, நான் எம்எஸ்சி படிக்கிறேன். ஒரே மைக்ரோ ஆர்என்ஏ ஒரு பேப்பர்ல க்ளையோமாவை அடக்குது, இன்னொண்ணுல வளர்க்குது. எதை நம்பறது?

இரண்டுமே சரியாக இருக்கலாம். ஒரு மைக்ரோ ஆர்என்ஏவின் விளைவு, அந்தச் செல்லில் அந்த நேரம் எந்தெந்த எம்ஆர்என்ஏ இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மிர்-9 இதற்கு நல்ல உதாரணம். அது முதிர்ச்சிக்கும் துணைபோகும், புற்று ஸ்டெம் செல்களுக்கும் துணைபோகும்.

சந்தேகப்பட வேண்டியவையும் நிறைய உண்டு. இயல்பாக இருக்கும் அளவைப்போல ஆயிரம் மடங்கு உள்ளே கொட்டினால், ஆர்கோநாட்டில் இருந்த மற்ற மைக்ரோ ஆர்என்ஏக்களுக்கே இடமில்லாமல் போய், எந்தச் செல்லும் தடுமாறும். அதைப் பார்த்து 'கட்டியை அடக்கியது' என்று எழுதிவிடலாம். அப்புறம் யூ87. ஒரு நோயாளியின் கட்டியில் இருந்து எடுத்து ஆய்வுக்கூடங்களில் வருடக்கணக்கில் வளர்த்துவரும் செல் வரிசை அது, நிறையப் பேப்பர்கள் அதை நம்பி இருக்கின்றன. இப்போது உலகெங்கும் புழங்கும் யூ87, 1960-களில் ஸ்வீடனின் உப்சாலாவில் எடுத்த அசல் நோயாளியின் கட்டியோடு பொருந்தவில்லை என்று 2016-ல் அந்த ஊர்க்காரர்களே காட்டினார்கள். க்ளையோபிளாஸ்டோமா மாதிரிதான் இருக்கிறது, யாருடையது என்றுதான் தெரியவில்லை. அதனால் பேப்பரை எடுத்ததும் முடிவுரைக்குப் போகாதே. எவ்வளவு டோஸ் போட்டார்கள், நோயாளிகளிடமிருந்து நேரடியாக வளர்த்த செல்களிலும் பார்த்தார்களா, செல்லுக்குள் இயல்பாக இருப்பதை அகற்றிப் பார்த்தபோது எதிர் விளைவு வந்ததா என்று செய்முறைப் பகுதியில் தேடு. கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத பேப்பரை நான் ஓரமாக வைத்துவிடுவேன்.